ஹீலியத்தின் சகலை

இரும்புக் குழாய்களுக்குத் துத்தநாக முலாம் பூசும் அந்தத் தொழிற்சாலையில், ஒரு திங்கட்கிழமை காலை, நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடியில் ‘போக்கு’ என்று ஒரு பலகை ஏறியது. எழுத வந்தவர் அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கீழே நின்ற தொழிலாளர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. கம்பெனி பஸ் வேண்டும் என்று ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“போக்குவரத்துப் பிரிவு போட்டுட்டாங்கப்பா,” என்றார் வெல்டர். “மீதி எழுத்து டீ குடிச்சுட்டு வரும்.”

“பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புமாம்?”

“மொதல்ல எழுத்து கிளம்பட்டும்யா.”

டீ குடித்துவிட்டு வந்த மீதி எழுத்து ‘ஆய்வுப் பிரிவு’ என்று போய் உட்கார்ந்தது. போக்கு ஆய்வுப் பிரிவு. பஸ் இல்லை என்பது புரிந்தது. யாருடைய போக்கை ஆராயப் போகிறார்கள் என்பதும் புரிந்துவிட்டது. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

தொட்டிக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

இருபத்திரண்டு வருஷமாக அவர் அமிலத் தொட்டியில் வேலை பார்க்கிறார். துருப்பிடித்து வரும் குழாய்களைச் சங்கிலியில் மாட்டித் தொட்டிக்குள் இறக்குவார். துரு கழன்றதும் தூக்கி, தண்ணீரில் அலசி, கொதிக்கும் துத்தநாகத்தில் முக்குகிறவர்கள் பக்கம் தள்ளிவிடுவார். சொல்லப்போனால் இவ்வளவுதான் வேலை. ஆனால் தொட்டியிலிருந்து ஒரு புகை எழும்பும். அது முதலில் சட்டையைத் தின்னும். சட்டை போதாவிட்டால் ஆளைத் தின்னும். தொட்டிக்காரரின் முன்பற்கள் நாலும் தேய்ந்த சோப்புத் துண்டு போல ஆகியிருந்தன. சுடச்சுட ஒரு டீ குடிக்க முடியாது, சில்லென்று ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. எல்லாம் ஆறி, நடுவாந்தரமாக இருக்க வேண்டும்.

பல் டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பல்லைக் கட்டுறது பெரிசில்ல. திரும்பவும் அதே புகையில போய் நின்னா கட்டின பல்லும் போகும், அப்புறம் நெஞ்சும் போகும். வேற வேலைக்கு மாத்திக்கிறதுதான் மருந்து.” அதை ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

வேறு வேலை ஒன்று இருந்தது. வாசல் பக்கம், கண்ணாடி அடைத்த எடைக்கூண்டு. முலாம் பூசிய குழாய்க் கட்டுகள் வெளியே மேடையில் ஏறும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, புகை நுழையாது. அங்கே இருந்த எடைக்காரர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். சீனியாரிட்டிப்படி அடுத்த ஆள் தொட்டிக்காரர்தான். இதில் அவர் மனைவிக்குக்கூடச் சந்தேகம் இல்லை. அவளுக்குச் சந்தேகம் வராத விஷயம் உலகத்தில் இது ஒன்றுதான்.

இந்த இடத்தில் சகலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தொட்டிக்காரர் மனைவியின் தங்கையைக் கட்டியவன். இவரைவிட எட்டு வயது இளையவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இவர்தான் கையைக் காலைப் பிடித்து அவனை உள்ளே சேர்த்துவிட்டார். குழாய்க் கட்டுகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை. பசையைத் தடவு, லேபிளை ஒட்டு. ஆறு வருஷத்தில் அவன் சட்டையில் ஒரு ஓட்டை விழுந்ததில்லை. இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில், எதிரெதிர் கதவு. மாடிக் கொடியில் இரண்டு வீட்டுத் துணியும் அடுத்தடுத்துக் காயும். காற்றடித்தால் அவன் சட்டை கை வீசி ஆடும். இவர் சட்டை அசையாது. காற்று அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும்.

அவன் சிரித்தால் முப்பத்திரண்டும் தெரியும். தொட்டிக்காரர் ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்து எண்ணியே பார்த்திருக்கிறார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை எல்லோரையும் கிடங்கில் கூட்டினார்கள். மனிதவள மேலாளர் வந்தார். மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய் வந்திருந்தார். திரும்பி வரும்போது சுவரளவு அட்டவணை ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். அதை விரித்து மாட்டவே நாலு பேர் தேவைப்பட்டது. கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு ஒரு தனிமம்.

“சீனியாரிட்டி, சீனியாரிட்டின்னு பேசுறீங்க. இயற்கையில சீனியாரிட்டி இருக்கா?” என்று ஆரம்பித்தார். “இரும்பு எத்தனை கோடி வருஷமா இரும்பா இருக்கு! தங்கமாப் பதவி உயர்வு கேட்டுச்சா? கேக்காது. ஏன்னா அதுக்குத் தன் இடம் தெரியும். இவ்வளவு நாளா நாங்க உங்க குணத்தைப் பார்த்து இடம் குடுத்தோம். அது விஞ்ஞானம் இல்ல. இனிமே மொதல்ல இடத்தைக் குடுப்போம். குணம் பின்னாலயே வந்துரும்.”

மேலிருந்து கீழே பதினெட்டு நெட்டுப் பத்திகள். ஒவ்வொன்றும் ஒரு தொகுதி என்றார்.

“தொகுதின்னா எலெக்‌ஷனா சார்?” என்றார் வெல்டர்.

“ஓட்டு கிடையாது. தொகுதி மட்டும்தான்.”

பிறகு போக்குகளை விளக்கினார். குச்சி இடது கோடியில் ஆரம்பித்தது. “இங்க இருக்கறவங்க சோடியம், பொட்டாசியம். கையில ஓரத்துல ஒண்ணே ஒண்ணு வெச்சிருப்பாங்க. அதையும் எப்படா குடுக்கலாம்னு துடிப்பாங்க. தொழிலாளின்னா அப்படி இருக்கணும். வலது பக்கம் வர வர என்ன ஆகுது? ஆள் சுருங்கிட்டே வருவாங்க, பிடி இறுகிட்டே வரும். குடுக்க மாட்டாங்க, இழுப்பாங்க. பதினேழாந் தொகுதி. கொள்முதல் அதிகாரி, கிடங்கு அதிகாரி, நான். எங்ககிட்ட ஏழு இருக்கு, ஒண்ணுதான் குறையுது. அந்த ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் எங்களுக்கு நிம்மதி இல்ல. இதைப் பேராசைன்னு சிலர் பேசுறாங்க. இல்ல. இது தன்மை.”

“அந்தக் கடைசிப் பத்தி சார்?”

மேலாளரின் குரல் தானாக இறங்கியது. “மந்த வாயுக்கள். நிறைஞ்சவங்க. எதோடயும் வினை புரிய மாட்டாங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டாங்க, மனு குடுத்தா பதில் வராது. நம்ம இயக்குநர்கள்.”

“பள்ளிக்கூடத்துல வாத்தியாரு மந்தம்னு என்னைத்தான்யா சொல்லுவாரு,” என்று வெல்டர் தொட்டிக்காரர் காதில் முணுமுணுத்தார். “இந்நேரம் நான் இயக்குநர் ஆயிருக்கணும்.”

அட்டவணைக்கு வெளியே, கீழே, தனியாக இரண்டு வரிசை ஒட்டியிருந்தது. அது யார் என்று ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் கேட்டார். “நீங்கதான்,” என்றார் மேலாளர் அன்பாக. “நீங்களும் அட்டவணைதான். உள்ள வெச்சா அட்டவணை ரொம்ப அகலமாயிடும், சுவர் பத்தாது. அதான் கீழ வெச்சிருக்கோம்.”

அடுத்த வாரம் ஆளுக்கு ஆள் சோதனை நடந்தது. முதலில் அணு ஆரம். தையல்காரர் டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்தார்கள். வலது பக்கம் போகப் போக ஆள் சிறுக்க வேண்டும் என்பது விதி. பதினேழாந் தொகுதிக் கிடங்கு அதிகாரிக்கு டேப் எட்டவில்லை. இரண்டு டேப்பை முடிச்சுப் போட்டு அளந்தார்கள். விதி பொய்க்குமோ என்று ஒரு நிமிஷம் எல்லோருக்கும் பயமாகப் போய்விட்டது. மேலாளர் யோசித்து, பல வருஷம் உட்கார்ந்ததால் நாற்காலியின் அளவும் அதிகாரியோடு சேர்ந்துவிட்டது என்று கண்டுபிடித்து, நாற்காலியைக் கழித்தார். அதிகாரி ஒல்லியானார்.

அடுத்தது அயனியாக்கும் ஆற்றல். ஒருவரிடம் வெளி ஓரமாக இருக்கும் பொருளை அவரிடமிருந்து பிடுங்க எவ்வளவு பலம் வேண்டும் என்ற சோதனை. தொழிலாளி தன் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அதிகாரி டப்பாவின் கைப்பிடியில் சுருள் தராசின் கொக்கியை மாட்டி இழுப்பார். முள் எங்கே நிற்கிறதோ அது அவர் ஆற்றல்.

தொட்டிக்காரர் முறை வந்தது. காலையில் எழுந்து மனைவி கட்டிக் கொடுத்த சோறு. அவர் விடவில்லை. முள் பதினாலு கிலோவைத் தாண்டியது. அப்போது இருமல் வந்தது. டப்பா பறந்து போய்க் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் மடியில் கவிழ்ந்தது.

“எதிர்பார்த்ததுக்குக் கொஞ்சம் கூடுதல்,” என்றார் மேலாளர். “துத்தநாகம்னு போடுங்க.”

அடுத்து சகலை. அவன் டப்பாவே கொண்டு வரவில்லை. பத்து மணிக்கே அதைத் தீர்த்துக் கழுவி வைத்துவிடுவது அவன் வழக்கம். ஒரு கையில் பசைப் பிரஷ்ஷும் மறு கையில் லேபிள் சுருளுமாக, வேலையில் இருந்து அப்படியே எழுந்து வந்திருந்தான். சரி, அதை இழுப்போம் என்று பிரஷ்ஷில் கொக்கியை மாட்டினார்கள். வரவில்லை. சுருளில் மாட்டினார்கள். அதுவும் வரவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். நாற்காலியோடு சகலை நகர்ந்தான், கை மட்டும் விரியவில்லை. முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது.

அவன் ஆறு வருஷமாகக் கையைச் சரியாகக் கழுவாதவன். காய்ந்த பசை. தொட்டிக்காரருக்கு அது தெரியும். வீட்டுக்கு வந்து தண்ணீர்ச் சொம்பை வாங்கினால் சொம்பும் அவனோடு போகும். ஆனால் மேலாளர் கண்கள் பனித்துவிட்டன.

“வெச்சிருக்கறது ரெண்டே ரெண்டு. ஆனா அதுவே இவருக்கு நிறைவு! எவ்வளவு இழுத்தாலும் விட மாட்டேங்கறாரு. எல்லாத் தனிமத்துலயும் உச்ச ஆற்றல் யாருக்கு? ஹீலியத்துக்கு. ஐயா, நீங்க இத்தனை நாளா இங்க லேபிளா ஒட்டிட்டிருந்தீங்க!”

“ஆமா சார்,” என்றான் சகலை.

பட்டியல் ஒட்டினார்கள். இயக்குநர்கள் பத்தியின் உச்சியில், இயக்குநர்களுக்கும் மேலே, சகலை.

செய்தி தொட்டிக்காரருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

“தங்கச்சி வீட்டுக்காரரு ஹீலியமாமே,” என்றாள் மனைவி, சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே. “உங்களுக்கு என்னவோ நாகம்னு குடுத்திருக்காங்களாம்?”

“துத்தநாகம்.”

“அதான். நாகம்னு முடியுது. நல்லதா ஒண்ணு கேட்டு வாங்கக் கூடாதா? அவ இப்பவே மாடியில சத்தமாப் பேசுறா. ‘எங்க வீட்டு ஆளு யாரோடயும் வினை புரிய மாட்டாரு’ன்னு. எனக்கு எப்படி இருக்கும்?”

“எனக்கு எப்படி இருக்கும்னு கேட்டியா?”

“உங்களுக்கு எப்படி இருந்தா என்ன, நான்ல மாடிக்குத் துணி காயப்போடப் போகணும்.”

அதன் பிறகு தொழிற்சாலை அட்டவணைப்படி நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் முதல் தொகுதி ஒரு பக்கம் உட்கார்ந்தது. எதிரே பதினேழாந் தொகுதி உட்கார்ந்தது. முதல் தொகுதியின் டப்பாவில் ஓரமாக இருக்கும் ஒரு பொருள், முட்டையோ பழமோ, எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும். கிடங்கு அதிகாரி ஒரே வேளையில் பதினோரு முட்டை சாப்பிட்டார். பன்னிரண்டாவதுக்குக் கை நீட்டியபோது, எட்டோடு நிறைந்துவிட வேண்டுமே என்று யாரோ கேட்டதற்கு, அட்டவணையில் தான் மூன்றாம் வரிசை என்றும், அங்கே இடம் தாராளம் என்றும் சொன்னார்.

சகலைக்கு லேபிள் மேசையில் சாய்வு நாற்காலி போட்டார்கள். யார் கூப்பிட்டாலும் அவன் திரும்பக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு. தொட்டிக்காரர் ஒருநாள் அந்த வழியாகப் போகும்போது கூப்பிட்டார். அவன் நேராகச் சுவரைப் பார்த்தபடி, உதட்டோரமாகப் பேசினான்.

“சகல, தப்பா நெனச்சுக்காதீங்க. திரும்புனா விளக்கம் கேப்பாங்க. நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து என் எதிர்ல நில்லுங்களேன், பாத்துக்கிட்டாவது பேசலாம்.”

“உன்னைப் பாக்குறதுக்கு நான் சுத்தி வேற வரணுமா?”

“வேலை ஒண்ணுமே இல்ல சகல. பொழுது போகவே மாட்டேங்குது. பாவம் நான்.”

பாவம் நான் என்று அவன் சொன்னது நிஜமாகவே சொன்னதுதான். அதுதான் தொட்டிக்காரரைக் கொன்றது. தொட்டிப் புகை இருபத்திரண்டு வருஷத்தில் செய்யாத வேலையை அந்த ஒரு சொல் அரை நாளில் செய்தது. நெஞ்சிலிருந்து அடிவயிறு வரைக்கும் எரிந்தது.

மாதக் கடைசியில் எடைக்காரர் ஓய்வு பெற்றார். விழாவில் அவருக்குக் கொடுத்த கடிதத்தில், ‘கனமான தனிமங்கள் நீண்ட நாள் நிலைத்திருப்பதில்லை, தங்களுடைய அரை ஆயுள் இன்றோடு நிறைவுற்றது’ என்று இருந்தது. “மீதி அரை எங்க இருக்கு சார்?” என்று அவர் கேட்டார். “அது உங்க சொந்த விஷயம்,” என்றார் மேலாளர்.

மறுநாள் காலையிலேயே தொட்டிக்காரர் டாக்டர் சீட்டோடு போக்கு ஆய்வுப் பிரிவின் படி ஏறினார்.

மேலாளர் சீட்டை இரண்டு தரம் படித்தார். முகம் மலர்ந்தது.

“பல் அரிச்சிருக்குன்னு போட்டிருக்காரே!”

“ஆமா சார். இன்னும் அங்கயே நின்னா நெஞ்சும் போயிரும்னு சொல்றாரு. சீனியாரிட்டிப்படி எடைக்கூண்டு எனக்கு வரணும்.”

“வாயைத் திறங்க.”

தொட்டிக்காரர் திறந்தார். மேலாளர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு அவர்களுக்கும் காட்டினார்.

“பாருங்க, கணிப்பு எப்படி பலிச்சிருக்குன்னு! நம்ம குழாய்க்கு ஏன் துத்தநாகம் பூசுறோம்? இரும்பு துருப்பிடிக்கக் கூடாது. அதுக்காகத் துத்தநாகம் என்ன பண்ணுது? முன்னால போய் நின்னு, மொதல்ல தன்னை அரிக்கக் குடுக்குது. தான் அழிஞ்சு இரும்பைக் காப்பாத்துது. உங்களைத் துத்தநாகம்னு போட்டப்ப எனக்கே லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு. இந்தச் சீட்டு அதைத் தீர்த்துருச்சு. நீங்க அரிக்கணும். அரிக்கலைன்னாதான் நான் கவலைப்படணும்.”

“சார், என் பல்லு சார்.”

“இரும்பு நல்லா இருக்கா இல்லையா? இரும்புன்னா கம்பெனி. நல்லா இருக்கு. அப்போ உங்க பல்லு வீணாகலை.” மேலாளர் நெகிழ்ந்து போயிருந்தார். “இன்னொண்ணு. சீனியாரிட்டி கேட்டீங்க. நடுவுல இருக்கற பத்துத் தொகுதிக்கும் இடைநிலைத் தனிமங்கள்னு பேரு. நீங்க அதுல கடைசிக் கட்டம். துத்தநாகம் இடைநிலைதானா, இல்ல சும்மா பக்கத்துல நிக்குதான்னு விஞ்ஞானிகளுக்குள்ளயே தகராறு. அது தீர்ற வரைக்கும் உங்க இருபத்திரண்டு வருஷத்தை நிறுத்தி வெச்சிருக்கோம்.”

“எங்க சார் நிறுத்தி வெச்சிருக்கீங்க?”

“கோப்புல.”

“அப்போ எடைக்கூண்டு?”

“எடை போடுறவர் எதோடயும் வினை புரியக் கூடாது. குழாயைப் பார்த்து மனசு இளகக் கூடாது, லாரிக்காரனைப் பார்த்து இளகக் கூடாது. அதுக்குன்னே ஒருத்தரை இயற்கை படைச்சிருக்கு.”

சகலை எடைக்கூண்டில் உட்கார்ந்தான்.

தொட்டிக்காரர் ஒரு நாளைக்குப் பத்து தரமாவது அந்தப் பக்கம் போக ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டார். போனால் எரியும். போகாவிட்டாலும் எரிந்தது, எப்படி எரிகிறது என்று தெரியாமல் எரிந்தது. ஒருநாள் சகலை விசிறிக் காற்றில் தூங்கிக்கொண்டிருந்தான், வாய் திறந்தபடி, பல் அத்தனையும் வரிசையாக. ஒருநாள் கண்ணாடிக்கு உள்ளே நின்று சூடான டீயை ஊதிக்கூடப் பார்க்காமல் குடித்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் டம்ளரைத் தூக்கிக் காட்டி, குடிக்கிறீங்களா என்று ஜாடை கேட்டான்.

அன்று சாயங்காலம் அவர் மகளின் வேதியியல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் பதினொன்றாம் வகுப்பு. அப்பாவுக்குப் படிப்பில் திடீரென்று வந்த ஆசையைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டாள்.

“ஹீலியத்துக்கு வெளிய எத்தனை இருக்கு?” என்றார்.

“ரெண்டுப்பா.”

“ரெண்டு வெச்சிருக்கறதெல்லாம் எந்தத் தொகுதி?”

“ரெண்டாந் தொகுதி. பெரிலியம், மெக்னீசியம். ஆனா ஹீலியத்தைக் கடைசித் தொகுதியிலதான் வெச்சிருக்காங்க. அதுக்கு ரெண்டோடயே நிறைஞ்சிரும்ல.”

“நிறைஞ்சதெல்லாம் இருக்கட்டும். ரெண்டா இல்லையா?”

“ரெண்டுதான்.”

“அப்போ தப்பான எடத்துல உக்காந்திருக்கு.”

“தப்புன்னு சொல்ல முடியாதுப்பா. பண்பு...”

“பேனா எடு. நான் சொல்லச் சொல்ல எழுது.”

மகள் எழுதினாள். அவள் எழுத்து உருண்டையாக, அழகாக இருக்கும். பாதியில் பேனாவை நிறுத்தினாள்.

“இது சித்தப்பாவைப் பத்திதானேப்பா?”

“ஹீலியத்தைப் பத்தி.”

“எடைக்கூண்டு அவருகிட்ட இருந்து போயிருமே.”

“யாருகிட்ட போகும்? அதை யோசி. அப்பாவுக்கு வரும்.”

மீதியை எழுதினாள். எழுத்து கொஞ்சம் சின்னதாக ஆகியிருந்தது.

மனு எட்டே நிமிஷத்தில் விசாரிக்கப்பட்டது. அந்தத் தொழிற்சாலையில் ஒரு மனுவுக்கு அவ்வளவு சீக்கிரம் பதில் வந்தது அதுதான் முதல் தடவை. மேலாளர், கொள்முதல் அதிகாரி, கிடங்கு அதிகாரி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தொட்டிக்காரர் நின்றார்.

“மறுக்க முடியாத வாதம்,” என்றார் மேலாளர். “ரெண்டு வெச்சிருக்கறவர் ரெண்டாந் தொகுதிக்குத்தான் போகணும். எங்களுக்கும் இது ஒரு வாரமா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு தொழிலாளியே விஞ்ஞான பூர்வமா எடுத்துச் சொல்றப்ப, நாங்க தலை வணங்கத்தான் வேணும்.”

மூன்று பேரும் லேசாகத் தலை வணங்கினார்கள். தொட்டிக்காரர் அந்தக் கண்ணாடிக்குள் தன்னை உட்கார வைத்துப் பார்த்தார். விசிறியை மெதுவாக வைத்துக்கொள்ள வேண்டும், வேகமாக வைத்தால் பல் கூசும் என்றுகூட நினைத்தார்.

“அப்போ எடைக்கூண்டு சார்?”

“காலி.”

“எனக்கு...”

“உங்களுக்குத்தான் கட்டம் இருக்கே, துத்தநாகம். ஒருத்தருக்கு ரெண்டு கட்டம் எப்படி? அட்டவணையோட பெருமையே என்ன தெரியுமா? இருக்கறதை அடுக்கினது மட்டும் இல்ல. இன்னும் கண்டுபிடிக்காததுக்கும் இடம் விட்டு வெக்கறது. எடைக்கூண்டுக்கு உரிய தனிமம் இன்னும் கண்டுபிடிக்கப்படலை. ஆனா அதோட பண்புகளை நாங்க கணிச்சுட்டோம்.” கோப்பைத் திறந்து படித்தார். “வயசு இருபத்தஞ்சு. உயரம். நல்ல நிறம். பெரிய இயக்குநரோட பொண்ணுக்கு மாப்பிள்ளை ஆகும் தன்மை உடையது. காலை பத்து மணிக்கு மேல எழுந்திருக்கும்.”

“பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருச்சா சார்?”

“பொண்ணு இப்போ எட்டாவது படிக்குது,” என்றார் கொள்முதல் அதிகாரி. “இயற்கை அவசரப்படாது.”

அதுவரை கூண்டைப் பூட்டி வைத்தார்கள். எடையை, கட்டுகளைச் சும்மா பார்த்தே சொல்லும்படி வாசல் காவலருக்கு உத்தரவு போனது. விசிறியை மட்டும் நிறுத்தவில்லை. தனிமம் எப்போது கண்டுபிடிக்கப்பட்டாலும் அறை தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாந் தொகுதியின் பண்பு, கையில் இருக்கும் இரண்டையும் கொடுத்துவிடுவது. சகலை கூண்டையும் கொடுத்தான், லேபிள் மேசையையும் கொடுத்தான். லேபிள் மேசைக்கு அதற்குள் வேறு ஆள் வந்திருந்தார். ஒன்றும் இல்லாதவர்களுக்கு இடம் இருக்கும் ஒரே பிரிவு அமிலத் தொட்டிதான்.

திங்கட்கிழமை காலை அவன் வந்தான். துவைத்துத் தேய்த்த சட்டை. அவன் மனைவி வழக்கம்போல் தேய்த்து அனுப்பியிருக்கிறாள், எங்கே அனுப்புகிறோம் என்று யோசிக்காமல். முதல் குழாய்க் கட்டு தொட்டிக்குள் இறங்கியதும் புகை எழுந்து அவன் முகத்தில் அறைந்தது. ஐந்து நிமிஷம் விடாமல் இருமினான். கண், மூக்கு எல்லாம் ஒழுகியது. தொட்டிக்காரர் சங்கிலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு காட்சியைக் காண வேண்டும் என்று அவர் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறார். கண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தாரோ அப்படி இல்லை.

“மனு யாரு போட்டதுன்னு சொல்ல மாட்டேன்னுட்டாங்க சகல,” என்றான் அவன், இருமல் அடங்கியதும். “பேரை மறைச்சுக் காட்டினாங்க. எழுத்து உருண்டையா, ரொம்ப அழகா இருந்துச்சு.”

தொட்டிக்காரர் சங்கிலியை ஒரு சுற்று இறுக்கினார்.

“நம்ம பாப்பா நல்லாப் படிக்குது,” என்றான் சகலை. “படிக்க வைங்க.”

குனிந்து அடுத்த கட்டுக்குச் சங்கிலி மாட்டப் பார்த்தான். மாட்டத் தெரியவில்லை. கொக்கி வழுக்கி வழுக்கிப் போனது.

அந்தக் கொட்டகையில் மூன்றாவது தூணுக்குப் பின்னால் ஓர் இடம் உண்டு. தகரச் சுவரில் அங்கே ஒரு தகடு விலகியிருக்கும். வெளிக்காற்று அதன் வழியாக வந்து புகையைக் கொஞ்சம் வளைத்து அந்தப் பக்கம் தள்ளிவிடும். ஓர் ஆள் நிற்கலாம். ஒன்றரை ஆள் நிற்க முடியாது. இந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தொட்டிக்காரருக்கு நாலு வருஷம் ஆனது. மீதிப் பதினெட்டு வருஷமும் அங்கே நின்றதால்தான் அவருக்கு நாலு பல்லோடு போனது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

“அங்க நிக்காத,” என்றார். “இங்க வா. இந்தத் தூணுக்குப் பின்னால. இன்னும் கொஞ்சம் உள்ள. ஆங், அப்படி நில்லு. கையை மட்டும் நீட்டிச் சங்கிலியைப் புடி.”

சகலை போய் நின்றான். தொட்டிக்காரர் விலகி, அவன் நின்ற இடத்துக்கு வந்தார். அடுத்த கட்டு இறங்கியது. புகை எழுந்தது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அது நேராக அவர் முகத்துக்கு வந்தது. தேய்ந்து நின்ற பல் நாலிலும் ஊசி ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

தகடு விலகிய சந்தில் வந்த காற்றில் சகலையின் சட்டை கை வீசி ஆடிக்கொண்டிருந்தது. அவன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டான். “அட, இங்க நல்லா இருக்கே சகல!” என்று சிரித்தான். முப்பத்திரண்டும் தெரிந்தது.

தொட்டிக்காரர் பொறுத்துப் பார்த்தார். அடுத்த கட்டு இறங்கும்வரை பொறுத்துப் பார்த்தார்.

“போதும்,” என்றார். “தள்ளு.”